ஆறு மணித்தியாலம் ஊறிய கத்தி

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குக் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் கூடியவர்கள் ஆறு பேர். இருந்த இடங்கள்: மேசைக்குப் பின்னால், அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைபிடியுள்ள ஒரே கதிரையில் தலைவர் எமிலியானுஸ். மேசையின் இடப்பக்கத்தில் கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு செயலாளராகிய நான். யன்னலோரத்து நீள வாங்கில் நிருவாக உறுப்பினர் சசிகரன். மேசைக்கு நேர் முன்னால், இரண்டு பக்கமும் வெறுங்கதிரை விட்டு, நடுக் கதிரையில் அல்போன்சம்மா. வாசற்படியில் கதவு நிலையோடு சாய்ந்தபடி ஜெயந்தா. அவளுடைய மனிசன் சில்வெஸ்ரர் உள்ளே வரவில்லை. விறாந்தையில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பெட்டியில் இருந்தான். அவனை உள்ளே வரச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேசையில் பழைய பேப்பர் விரித்து அதன்மேல் மூன்று மடக்குக் கத்திகளை வைத்திருந்தோம். மடக்குக் கத்தி என்பது யாகப்பு பிரான்சிலிருந்து எழுதின சொல். எழுவைதீவில் நாங்கள் சொல்வது வில்லுக்கத்தி.

யாகப்பு அல்போன்சம்மாவின் தம்பி. பதினெட்டு வருசமாக அங்கே. அங்கேயுள்ள எங்கள் தீவு ஆட்களின் ஒன்றியம், இங்கே ஓடுகிற இருபத்திரண்டு படகுக்கும் படகுக்கு ஒன்றாக நல்ல கத்தி வாங்கித்தர முடிவெடுத்திருந்தது. எது நல்லது என்று கடலில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேணும், மூன்று மாதிரி அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்து, தலைவரின் ஒப்பமும் சங்கத்தின் முத்திரையும் வைத்துக் கடிதமாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். போனில் சொன்னால் ஒன்றியத்தில் எடுபடாதாம். என்னென்ன பரிசோதிக்க வேணும் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தான். அதுவரை நல்ல விசயம். அன்றைக்கு அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து இருத்தியது கடைசிப் பந்தி. தலைவர் அதை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"முதலாம் இலக்கக் கத்தி, போன வருசம் நான் ஊருக்கு வந்தபோது சில்வெஸ்ரருக்கு என் கையால் கொடுத்த அதே கத்தி. அதே கம்பனி, அதே அளவு. அது ஒரு கையால் திறக்குமா திறக்காதா என்று தனியாக எழுதுங்கள். திறக்கும் என்றால் மிச்சம் எனக்கு விளங்கும்."

விளங்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதினபடியே இங்கும் சொல்கிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் சில்வெஸ்ரரின் படகில் தொழிலுக்குப் போன நிருபன் திரும்பி வரவில்லை. இருபத்து மூன்று வயது, அல்போன்சம்மாவின் ஒரே பிள்ளை. தலைவர் எமிலியானுஸ் அவனுக்குப் பெரியப்பா, தகப்பனின் தமையன். தகப்பன் முன்னமே காலமாகிவிட்டார். படகில் அன்று இரண்டே பேர். வலை விடும்போது நங்கூரக் கல்லின் கயிறு நிருபனின் கணுக்காலில் சுற்றிக் கல்லோடு சேர்த்து அவனைத் தண்ணிக்குள் இழுத்தது. நிருபன் ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்தான். மற்றக் கையின் மணிக்கட்டைச் சில்வெஸ்ரர் வலக்கையால் பிடித்தான். இவ்வளவும் ஊருக்குச் சம்மதமான கதை.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சில்வெஸ்ரரின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. படகில் கிடந்த வெட்டுக்கத்தி வலைக்குவியலுக்கு அடியில் போய்விட்டதாம். இடக்கையால் பொக்கற்றில் இருந்த வில்லுக்கத்தியை எடுத்தானாம். அது திறக்கவில்லையாம். பிடியை விட்டால் பெடியன் போய்விடுவான் என்று விடாமல், ஒற்றைக் கையாலும் பல்லாலும் இழுத்துப் பார்த்தானாம். கத்தி கைதவறிக் கடலுக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தால் பெடியனும் போனான்.

பயத்தில் கையை விட்டிட்டான், கத்திக் கதை பிறகு கட்டினது என்பது ஊரின் முடிவு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து அவனோடு கடலுக்குப் போக ஒருவரும் வரவில்லை. ஒராளாய் வலை விட ஏலாது. படகு கரையில் கிடந்தது. இப்போது முதலாம் இலக்கக் கத்தி ஒரு கையால் திறக்கும் என்று சங்கம் முத்திரை குத்தி எழுதிவிட்டால், ஊர்வாயில் இருந்தது கடதாசியில் ஏறிவிடும். சில்வெஸ்ரருக்குப் பிறகு இந்தத் தீவில் இடமில்லை.

பட்டியலின்படி தொடங்கினோம். முதலாம் இலக்கத்துக்கு மரப்பிடி. பிடியில் நீளமாய் ஒரு வெட்டு, அலகு மடிந்து அதற்குள் படுத்திருக்கும். கழுத்தில் ஓர் இரும்பு வளையம், அதைத் திருப்பினால் அலகு பூட்டும். திறக்கிறதற்கு அலகில் நகம் கொளுவ ஒரு சின்னப் பள்ளம். இரண்டாம் இலக்கம் முழுதும் கறுப்பு இரும்பு. அலகில் பெருவிரல் போக ஓர் ஓட்டை, உள்ளே ஒரு மெல்லிய தகடு வந்து அலகைப் பூட்டும். மூன்றாம் இலக்கத்துக்குச் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் பிடி. அலகின் பாதி வாள்ப்பல்லுப் போல, பெருவிரலால் தள்ள ஒரு குமிழ், பூட்டு முதுகுப் பக்கத்தில்.

நைலோன் கயிறு வெட்டினதில் முதலாவது பதினாலு இழுவை, இரண்டாவது பதினொன்று, மூன்றாவது ஐந்து. சூடை மீன் அரிந்ததில் முதலாவதுக்கு நிகரில்லை, கடதாசி மாதிரிச் சீவியது. மீன் வழுவழுப்போடு பிடித்தால் இரண்டாவது கையில் நிற்கவில்லை. மூன்றாவதின் நிறம் வலைக்குள் கிடந்தாலும் தெரியும் என்று சசிகரன் சொன்னான், எழுதினேன்.

இதற்குள் ஒரு பிழை நடந்தது. எங்கள் ஆட்களுக்குப் பழகினது பழைய வில்லுக்கத்தி. அதற்குப் பூட்டுக்கீட்டு ஒன்றும் இல்லை, அலகின் முதுகைத் தொடையில் வைத்து அமத்தினால் தானாக மடியும். சசிகரன் இரண்டாம் இலக்கத்தையும் அப்படியே தொடையில் வைத்து அமத்தினான். மடியவில்லை என்று இன்னும் பலமாக அமத்தினான். உள்ளே இருந்த தகடு வழுக்கி, அலகு அவனுடைய இடக்கை விரல் இரண்டில் இறங்கியது. நான் துணி கிழித்துக் கட்டினேன்.

"கத்தி பாக்க வந்தனியோ, விரல் அரிய வந்தனியோ?" என்றார் தலைவர். அன்றைக்கு அங்கே சிரிக்கக் கிடைத்தது அவ்வளவுதான். இரண்டாம் இலக்கத்தின் பூட்டு பலத்துக்கு நில்லாது என்று குறித்தேன்.

பிறகு ஒரு கைப் பரிசோதனை. இரண்டாவதும் மூன்றாவதும் பெருவிரலால் தள்ளவே திறந்தன. தலைவர் எழும்பி நின்றார். வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாம் இலக்கத்தை இடக்கையில் எடுத்து, அலகின் பள்ளத்தைப் பல்லில் கொளுவி, தலையைச் சரித்து ஓர் இழுவை. திறந்துவிட்டது. திறந்த கத்தியை அல்போன்சம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பினார்.

"மூண்டு எண்ண முன்னம் திறந்திட்டுது. பல்லுள்ள ஆருக்கும் திறக்கும். அண்டைக்கு உனக்குப் பல்லுமில்லாமல் போச்சோ?"

ஜெயந்தாதான் பேசினாள். பெரியமனிசன் எண்டு பாக்கிறன், வாயை அளந்து பேசுங்கோ என்றாள். அளக்கிறதற்குத்தான் இங்கே கூடினனாங்கள் என்று தலைவர் சொன்னார். அல்போன்சம்மா கத்தியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"எழுதும், பிள்ளை," என்றார் தலைவர் என்னிடம். "முதலாம் இலக்கம். ஒரு கையாலை திறக்கும்."

எழுதினேன். காய்ந்த நிலையில் என்று முன்னால் சேர்த்தேன். அவர் எட்டிப் பார்த்து அதென்னத்துக்கு என்றார். யாகப்புவின் பட்டியலில் நனைத்தும் பார்க்கச் சொல்லியிருக்கிறது என்றேன். உடனே சசிகரனை அனுப்பி ஒரு வாளி கடல்தண்ணி எடுப்பித்தார். மூன்று கத்தியையும் தோய்த்து எடுத்து, முன்போலவே திறந்தார். நனைந்த நிலையிலும் என்று சேர்த்துக்கொள்ளும் என்றார்.

அப்போதுதான் சில்வெஸ்ரர் விறாந்தையிலிருந்து பேசினான். எழும்பவில்லை, இருந்த இடத்தில் இருந்தபடியே.

"உது தோய்ச்சது. ஊறினதில்லை."

தலைவர் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

"அண்டைக்கு விடிய நாலு மணிக்கு நெஞ்சளவு தண்ணியிலை நிண்டு படகு தள்ளினனான். அப்ப நனைஞ்ச பொக்கற். அவன் விழேக்கை பத்து மணி. ஆறு மணித்தியாலம் உந்தக் கத்தி ஈரத்துக்குள்ளை கிடந்தது. நான் இவ்வளவு நாளும் கறள் பிடிச்சுத்தான் இறுகினதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். இப்ப மேசையிலை உந்தப் பிடியைப் பாக்கத்தான் விளங்குது. ஏன் அண்ணை, உங்கடை அப்பு வள்ளம் இறக்கமுன்னம் மூண்டு நாள் தண்ணியிலை ஊறப்போடுறவர். என்னத்துக்கு?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி தெரியாதவர் எங்கள் கரையில் இல்லை. வெயிலில் கிடந்த மரவள்ளத்தின் பொருத்துகள் வாயைப் பிளந்திருக்கும். ஊறப்போட்டால் பலகை ஊதி ஒன்றையொன்று நெருக்கும், பிறகு ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது. இப்போது ஓடுகிறதெல்லாம் பைபர் போட். மரம் ஊறினால் இறுகும் என்கிற அரிச்சுவடி, கத்திக்கும் மரத்தில்தான் பிடி என்கிற இடத்தில் எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

தலைவர் சமாளித்தார். ஐஞ்சு மாதம் கழிச்சு இப்பதான் விளங்குதோ, நல்ல கெட்டிக்காரன் என்றார். ஊறப்போடுகிறோம் என்று விட்டால் ஆராவது கத்திக்கு ஏதும் செய்துவிடுவார்கள் என்றும் சொன்னார். ஆர் என்று சொல்லவில்லை, வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் குறிப்பை மூடாமல் வைத்திருந்தேன்.

அல்போன்சம்மா அப்போதுதான் முதன்முறை வாய் திறந்தார். "ஊறப்போடுங்கோ. ஆறு மணித்தியாலம். வாளிக்குப் பக்கத்திலை நான் இருப்பன். உவையள் ஒருத்தரும் கிட்ட வரப்படாது."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரே வாளியைக் கொண்டுபோய், கடலில் முழங்காலளவில் இறங்கித் தண்ணி அள்ளிக்கொண்டு வந்தார். அலுமாரியைத் திறந்து மூன்று கத்தியையும் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணிக்குள் விட்டார். நேரத்தைக் குறித்தேன். முந்தின நாள் இருந்த அதே நடுக் கதிரையில் இருந்துகொண்டு வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். நான் மேசையில் இருந்து வேறு கடிதங்கள் எழுதினேன்.

பத்தரை போல ஜெயந்தா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கையில் கொடுக்காமல் எட்டத்தில் நிலத்தில் வைத்தாள்.

"குடிக்கிறதெண்டால் குடியுங்கோ. விசம் போடேல்லை."

"உன்ரை கையாலை நான் பச்சைத்தண்ணியும் குடியன். அண்டைக்கு உன்ரை மனிசன் வீட்டை திரும்பி வந்தவர். அவருக்கு ஊத்து."

"வந்தவர்தான். வந்த நாளிலையிருந்து ஒரு நாளும் ஒழுங்கா உறங்கேல்லை. கையை நீட்டிப் பிடிச்சபடி எழும்பி இருக்கிறார்."

"உறங்கட்டுமெண்டு நான் சொன்னனானோ?" என்றார் அல்போன்சம்மா. "எழும்பி இருக்கட்டும்."

ஜெயந்தா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். வாசலுக்கு அப்பால் நில், வாளியில் உன்ரை நிழல் விழுகுது என்று அல்போன்சம்மா சொல்ல, தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அதில் ஆடை படிந்து, பிறகு எறும்பு வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தபோது அல்போன்சம்மா எழும்பி நின்று செபம் சொன்னார். அப்போதும் வாளியைக் காலோடு அணைத்துக்கொண்டுதான் நின்றார்.

இரண்டு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். சில்வெஸ்ரர் பழையபடி விறாந்தையில். இந்த முறை பரிசோதனை முறையை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்: திறக்கிறவரின் வலது மணிக்கட்டைச் சசிகரன் பிடித்து, நிலத்தை நோக்கித் தன் முழுப் பலத்தோடும் இழுக்க வேணும். திறக்கிறவர் அவனை விடாமல் இடக்கையால் மட்டும் கத்தியைத் திறக்க வேணும். பல்லுக்குத் தடையில்லை. தலைவர் வாசித்துவிட்டு, நீர் ஆருடைய பக்கம் என்று என்னைக் கேட்டார். பட்டியலின் பக்கம் என்றேன்.

அவரே முதலில் வந்தார். மூன்றாம் இலக்கம், பெருவிரலால் ஒரு தள்ளு, திறந்தது. இரண்டாம் இலக்கம் இரண்டாம் முறை திறந்தது. ஓட்டையைச் சுற்றி அதற்குள்ளேயே கறளின் துரு நிறம் தொடங்கியிருந்தது. பிறகு அல்போன்சம்மா வாளிக்குள் கைவிட்டு முதலாம் இலக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிடி கறுத்திருந்தது. அலகு படுத்திருந்த வெட்டு, முந்தின நாள் ஒரு கடதாசி போகும் இடைவெளியோடு இருந்தது, இப்போது அலகைக் கவ்வியிருந்தது.

சசிகரன் கீழே இழுத்தான். தலைவர் பள்ளத்தில் நகத்தை வைத்தார், வழுக்கியது. மறுபடி வைத்தார். பிறகு பல்லில் கொளுவி இழுத்தார். சரித்து இழுத்தார். வலக்கை கீழே போகப் போக அவருடைய தோளும் முகமும் சேர்ந்து கோணியது. மூன்றாம் முறை ஒரு வெட்டு வெட்டி இழுத்தபோது சின்னச் சத்தமொன்று கேட்டது. அவர் கத்தியை விட்டார். சசிகரன் கையை விட்டான். முன்பல்லின் நுனி ஒன்று உடைந்து பேப்பரில் கிடந்தது. சொண்டில் இரத்தம். வாசற்படியில் ஜெயந்தா சிரித்தாள். ஒரு முறைதான் சிரித்தாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"உது பழுதான கத்தி," என்றார் தலைவர் லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு. "கம்பனிப் பிழை."

அல்போன்சம்மா எழும்பி மேசைக்கு வந்து கத்தியை எடுத்தார். அவருடைய கையை ஒருவரும் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் முயன்றார். சட்டையின் விளிம்பால் பிடியைத் துடைத்துவிட்டு முயன்றார். இருந்துகொண்டு, முழங்கால்களுக்கு நடுவில் பிடியை இறுக்கி, இரண்டு கை நகங்களையும் அலகில் கொளுவி இழுத்தார். ஒரு நகம் கிழிந்தது, அதைப் பார்க்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிசமும் சொச்சமும். இரண்டு கையாலும் திறக்கவில்லை என்று குறித்தேன்.

அவர் கத்தியை வைத்தார். "எழுதச் சொல்லுங்கோ அத்தான். திறக்கேல்லையெண்டு."

தலைவர் எழுத விடவில்லை. சசிகரனை வெளியில் நிற்கச் சொன்னார், அவன் போகவில்லை. அவர் சொன்னது சுருக்கமாக இது: மூன்றாம் இலக்கம் நல்லது, இருபத்திரண்டும் அதையே அனுப்பட்டும் என்று எழுதுவோம். முதலாவதைப் பற்றி ஒன்றும் எழுதத் தேவையில்லை. ஆசையாய்க் கொண்டுவந்து தன் கையால் கொடுத்த கத்திதான் திறக்காமல் போனது என்று தெரிந்தால் யாகப்பு என்ன ஆவான்? ஒன்றியம் கிழிந்த வலை பொத்துகிற கொட்டில் ஒன்றும் கட்டித்தர இருக்கிற நேரம்.

"செத்தவன் திரும்பி வாறதில்லை," என்றார். "இருக்கிறவனை ஏன் சாகடிப்பான்?"

"கேட்டவன் அவன்," என்றார் அல்போன்சம்மா. "நான் கேக்கச் சொல்லேல்லை. கேட்டவனுக்கு மறுமொழி போகோணும். ஐஞ்சு மாதம் நான் தனிய அழுதது காணும். அவனும் அழட்டும்."

அப்படியென்றால் தன் ஒப்பம் அந்தக் கடிதத்தில் இராது என்றார் தலைவர். லேஞ்சியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். விறாந்தையில் சில்வெஸ்ரரைக் கடந்து போகும்போது அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை எழுதவில்லை.

சில்வெஸ்ரர் அப்போதுதான் உள்ளே வந்தான். இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை. இருக்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்று, கத்தியைத் தொடாமல் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் கையை விடேல்லையெண்டும் எழுதுங்கோ."

"அதைச் சங்கம் பரிசோதிக்கேல்லை சில்வெஸ்ரர். பரிசோதிச்சதைத்தான் நான் எழுதலாம்."

"அப்ப நீங்களும் நம்பேல்லை."

நம்பினேனா இல்லையா என்பது கடிதத்தில் வராத விசயம். அவனுடைய கண்ணில் அன்று இருந்த வெறுப்பு தலைவருக்கானதல்ல, எனக்கானது. ஐந்து மாதமாக ஊருக்கு அவன் காட்டாததை எனக்குக் காட்டினான். ஜெயந்தா வாசற்படியிலிருந்து, பேனை பிடிச்ச கைக்கு ஈரம் தெரியுமோ என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அல்போன்சம்மா அவன் பக்கம் திரும்பினார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் அவனுக்குச் சொன்ன முதற் பேச்சு அது.

"கத்தி திறக்கேல்லை. அது உன்ரை பிழையில்லை. அதை நான் ஆரிட்டையும் சொல்லுவன், கோயிலிலையும் சொல்லுவன். ஆனால் என்ரை பிள்ளை உன்ரை கையிலையிருந்துதான் போனவன். உன்னைக் காணேக்கை அந்தக் கையைத்தான் காணுறன். நீ என்ரை படலைக்குள்ளை கால் வைக்கப்படாது. நான் சாகுமட்டும் வைக்கப்படாது."

"ஓம் அக்கா," என்றான் சில்வெஸ்ரர்.

அவன் திரும்பிப் போகப் புறப்பட, சசிகரன் வாங்கில் இருந்தபடி, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "திங்கக்கிழமை நான் வாறன். பங்குக்குத்தான். என்னோடை கதை குடுக்கப்படாது."

"நாலு மணிக்கு நில்," என்றான் சில்வெஸ்ரர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மற்றவர்கள் போன பிறகு அல்போன்சம்மா மட்டும் இருந்தார். கடிதத்தை எழுதினேன். வழமைப்படி நாம் நலம், உங்கள் நலமறிய அவா என்று தொடங்கியிருந்தேன். வாசித்துக் காட்டினபோது நிறுத்தினார். சுகம் விசாரிக்க வேண்டாம், நேரே விசயத்துக்குப் போம் என்றார். வேறு தாள் எடுத்துத் திரும்ப எழுதினேன். எழுதினது இது:

"தாங்கள் அனுப்பிய மூன்று மடக்குக் கத்திகளும் காய்ந்த நிலையிலும், நனைந்த நிலையிலும், கடல்நீரில் ஆறு மணித்தியாலம் ஊறிய நிலையிலும் பரிசோதிக்கப்பட்டன. மூன்றாம் இலக்கம் மூன்று நிலையிலும் ஒரு கையால் திறந்தது, கயிற்றையும் விரைவாக வெட்டியது. அதையே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் இல்லாதபடியால் பூட்டை எப்படி விடுவித்து மடிப்பது என்று விளங்கப்படுத்தி ஒரு தாளும் சேர்த்து அனுப்பவும். இரண்டாம் இலக்கத்தின் பூட்டு பலத்துக்கு நில்லாது, கறளும் பிடிக்கும். முதலாம் இலக்கம் மீன் அரிய மிக நல்ல கத்தி. காய்ந்திருக்கும்போது ஒரு கையாலும் பல்லாலும் திறக்கும். அதன் பிடி மரமாகையால் ஊறியபின் ஒரு கையாலும் திறக்கவில்லை, இரண்டு கையாலும் திறக்கவில்லை. தாங்கள் தனியாகக் கேட்ட கேள்விக்கு இதுவே சங்கத்தின் மறுமொழி. நிருபன் விழுந்த நாளில் அந்தக் கத்தி ஆறு மணித்தியாலம் ஈரத்தில் இருந்ததாகச் சில்வெஸ்ரர் சொல்கிறார். இரண்டு கையாலும் திறக்க முயன்றவர் தங்கள் அக்கா."

கடைசி வசனத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். தலைவர் ஒப்பமிடும் இடத்தில், தலைவர் ஒப்பமிட மறுத்தார் என்று எழுதி, நான் ஒப்பமிட்டேன். அல்போன்சம்மா சாட்சியாக ஒப்பமிட்டார். கிழிந்த நகத்தால் பேனையைச் சரியாகப் பிடிக்க ஏலாமல் முதல் எழுத்து சிதறியது. வேறு தாளில் எழுதட்டுமோ என்றேன், வேண்டாம் என்றார்.

ஊறின கத்தியை என்ன செய்வது என்று கேட்டேன். மற்ற இரண்டோடும் அலுமாரியில் பூட்டி வையும், தம்பி வந்து கேட்டால் குடும் என்றார். கடிதத்தை மூன்றாய் மடித்து உறைக்குள் வைத்தேன். பசை பூசி ஒட்டி, ஒட்டின இடத்தில் பாதி இப்பக்கமும் பாதி அப்பக்கமும் விழும்படி சங்கத்தின் முத்திரையைக் குத்தினேன். மை காயும்வரை அவர் நின்றார்.

திங்கட்கிழமை காலை, ஏழு மணி வள்ளத்துக்கு அவரே என்னோடு இறங்குதுறைக்கு வந்தார். சில்வெஸ்ரரின் படகு அப்போது கரையில் இல்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகப் போட்டுத் துண்டை வாங்கி வரச்சொல்லி வள்ளக்காரரிடம் உறையைக் கொடுத்தார். வள்ளக்காரர் அதைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்தார். பிறகு வள்ளம் வெளிக்கிட்டது.